வீங்கிய கால்களின் வாக்குமூலம்

“திருடியைக் கண்டுபிடிச்சாச்சு சார். நீங்க பெட்டியை மட்டும் கண்டுபிடிச்சுக் குடுத்தாப் போதும்” என்றார் அந்த வீட்டு மகன்.

பாதி வேலையை அவரே முடித்துவிட்டாராம். மீதிப் பாதிக்குத்தான் நாங்கள். இப்படிப்பட்ட புண்ணியவான்கள் எங்களைக் கூப்பிடுவதே, தாங்கள் ஏற்கெனவே முடிவு செய்ததற்கு ஒரு தலையாட்டல் வேண்டும் என்பதற்காக.

பாஸ் வழக்கம்போல் அவர் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். துப்பறிய வருவதற்கு முன் பதினெட்டு வருஷம் செருப்புக் கடையில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஊரார் பாதங்களை அளந்தவர். மூன்று தடவை சொன்னாலும் ஒருவர் பெயர் அவருக்கு நிற்காது. பாத அளவு சாகும்வரை மறக்காது. நான் அவருடைய உதவியாளர். குறிப்பு எடுப்பது, வண்டி ஓட்டுவது, முழங்காலுக்கு மேலேயும் ஓர் உலகம் இருப்பதை அந்த மனிதருக்கு அவ்வப்போது ஞாபகப்படுத்துவது, இவை என் வேலைகள்.

“உங்க கால் ஏழாம் நம்பர். எட்டு போட்டிருக்கீங்க” என்றார் பாஸ்.

“சார், நான் பெட்டியைப் பத்திப் பேசிட்டிருக்கேன்!”

“பேசுங்க. காது சும்மாதான் இருக்கு.”

மகன் பேசினார். நாற்பது நாளுக்கு முன் அவருடைய அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டுக்கொண்டார். அன்றிலிருந்து படுத்த படுக்கை. பார்த்துக்கொள்ள ஏஜென்சியிலிருந்து ஒரு நர்ஸ், காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. அப்பாவின் அறையில் பீரோ மேல் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் வீட்டுப் பத்திரம். நேற்று மாலை, வீட்டை இடித்துக் கட்டப் பேசியிருந்த பில்டர் வந்து அசல் பத்திரத்தைக் கேட்டபோது பீரோ மேல் தூசிதான் இருந்தது.

“அந்த ரூம்ல இருக்கிறது ரெண்டே பேர். ஒருத்தர் எந்திரிக்கவே முடியாதவர். அப்போ எடுத்தது யாரு? சின்னக் குழந்தை கூடச் சொல்லிடும்” என்றார் மருமகள்.

“சின்னக் குழந்தைக்கு எங்களை விடச் செலவு கம்மி. அதையே கூப்பிட்டிருக்கலாமே மேடம்” என்றேன்.

பாஸ் என் காலை மிதித்தார். அளந்து மிதித்தார்.

“அந்த நர்ஸம்மாவுக்கு எதுக்கு சார் உங்க வீட்டுப் பத்திரம்? வீட்டைத் தலையில தூக்கி வச்சுட்டு நடந்துடுவாங்களா?” என்று மகனைக் கேட்டேன்.

“எவனாவது சொல்லிக் குடுத்திருப்பான். எனக்கு அதெல்லாம் தெரியாது. ரெண்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்றார், எனக்கு வேண்டியவர். அதுக்குள்ள பெட்டி கிடைக்கலைன்னா புகார் எழுதிக் குடுத்துடுவேன்.”

அப்போது மணி பத்து.

நர்ஸ் சமையலறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். காலையில் வேலைக்கு வந்தவரை வாசலிலேயே மடக்கி, கைப்பையைத் தரையில் கொட்டிச் சோதித்திருக்கிறார்கள். சீப்பு, டிபன் டப்பா, பஸ் பாஸ், மடித்த ஒரு சேலை எல்லாம் இன்னும் அப்படியே கிடந்தன. போனைப் பிடுங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்தார்கள்.

“சிஸ்டர், நாங்க போலீஸ் இல்ல” என்றேன்.

“போலீஸ் வந்து நிரூபிக்கக்கூட வேண்டாம்மா. என் பேர்ல புகார்னு ஒரு தாள் எழுதினாலே போதும். ஏஜென்சியில பேரை எடுத்துடுவாங்க. பதினோரு வருஷமா வீடு வீடாப் போய்ப் பார்த்திருக்கேன். அப்புறம் எந்த வீட்டுல கதவைத் திறப்பாங்க? என் பொண்ணு இன்னும் ரெண்டு வருஷம் படிக்கணும்.”

“பெட்டியை யார் எடுத்தாங்கன்னு தெரியுமா?”

“தெரியாது.” பட்டென்று வந்தது. உண்மையின் சத்தம்.

“வேற ஏதாவது தெரியுமா?”

சிஸ்டர் குழாயைப் பார்த்தார். அது ஒழுகக்கூட இல்லை. எனக்கு ஏதோ உறைத்தது.

நோயாளியின் அறைக் கதவைத் திறந்தோம். நாங்கள் நுழைந்த பிறகுதான் முனகல் ஆரம்பித்தது. கட்டில், அதன்மேல் புண் வராமலிருக்கக் காற்று மெத்தை, அதை ஊதும் மோட்டாரின் உறுமல். ஒரு பக்கம் பீரோ. தெருவைப் பார்த்த ஜன்னலோரம், நோயாளிகளுக்கென்று விற்கிற, மூடிக்கு அடியில் வாளி வைத்த கமோட் சேர் ஒன்று, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். கட்டில் தலைமாட்டில் ஓர் ஆணியில் சிஸ்டரின் சார்ட். நடுவில் பெரியவர், வாயைப் பாதி திறந்து, கண்ணை முக்கால் மூடி.

பாஸ் நேரே போய்ப் போர்வையைக் கால் பக்கம் விலக்கினார்.

“அடடா!” என்றார். நகைக்கடையில் சிலர் இப்படிச் சொல்வார்கள்.

இரண்டு பாதங்களும் உப்பியிருந்தன. கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலை வைத்து ஐந்து எண்ணும்வரை அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது, பிசைந்த மாவில் விரல் பதித்த மாதிரி. பிறகு பெரியவரை மெதுவாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, இடுப்புக்குக் கீழே முதுகில் அதேபோல் அழுத்தினார். அங்கே குழியும் இல்லை, கிழியும் இல்லை.

சார்ட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். தினமும் இரண்டு வரி. பாதம், முதுகு. முதல் பத்து நாள் பாதத்தில் வீக்கம் இல்லை, முதுகில் லேசாக உண்டு. பதினோராம் நாளிலிருந்து தலைகீழ். முதுகு சுத்தம். பாதத்தில் வீக்கத்துக்கு ஒரு கூட்டல் குறி. பிறகு இரண்டு.

“கடையில காலையில செருப்பு வாங்க வர்றவங்களை சாயங்காலம் வாங்கன்னு திருப்பி அனுப்புவோம்” என்றார் பாஸ். “நாள் பூரா நின்னா, உக்காந்தா, கால் அரை நம்பர் ஏறிடும். சரி, முதுகு எதுக்கு?”

“என்னைக் கேட்டா? நான் என்ன முதுகுக்காரியா? எழுதினவங்களையே கேளுங்க.”

மறுபடியும் சமையலறை.

“சிஸ்டர், வீக்கம் இருக்கான்னு முதுகுல ஏன் அழுத்திப் பார்க்கிறீங்க?”

தொழிலைப் பற்றிக் கேட்டதும் அந்த முகத்தில் முதல் தடவையாக உயிர் வந்தது. “ரத்தக் குழாய் போகப் போகப் பிரிஞ்சு, கடைசியில முடியை விட மெல்லிசா ஆயிடும் சார். அந்த மெல்லிசுக் குழாய் கசியும். கசியறது தப்பில்ல. கசிஞ்சாத்தான் சதைக்குச் சாப்பாடு போய்ச் சேரும். ரொம்பக் கசிஞ்சுடாம ரத்தத்துல இருக்கிற புரதம் தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும். மீறிக் கசிஞ்சதை வாரிட்டுப் போகத் தனிக் குழாய் இருக்கு.”

“நகராட்சியை விட ஒழுங்கா வேலை நடக்குதே” என்றேன்.

“வயசானா, அசையாம இருந்தா, அது கொஞ்சம் தடுமாறும். வாரிட்டுப் போறதை விடக் கசியறது ஜாஸ்தியாயிடும். அப்போ தண்ணி சதையிலயே தங்கிடும். உடம்புல எந்த இடம் தாழ்வோ அங்க. காலைத் தொங்கப் போட்டு உக்கார்றவங்களுக்குப் பாதத்துல. படுத்தே கிடக்கிறவங்களுக்கு முதுகுக்குக் கீழ…”

சிஸ்டர் நிறுத்தினார். முகத்தில் இருந்த உயிர் இறங்கிப் போயிற்று.

“சொல்லுங்க” என்றார் பாஸ். “படுத்தே கிடக்கிறவருக்கு முதுகுல வரணும். இவருக்குப் பாதத்துல வந்திருக்கு.”

“எனக்கு வேலை இருக்கு சார்.”

ஸ்டூலில் சிறை வைக்கப்பட்டவருக்கு என்ன வேலை இருக்க முடியும்? நான் கேட்காமல் விட்டேன்.

“நீங்க வாயைத் திறக்க மாட்டீங்க. ஆனா சார்ட்ல எழுதியிருக்கீங்களே” என்றார் பாஸ்.

“பார்த்ததைத்தான் எழுதணும்.”

“முதுகுலயே வீக்கம்னு எழுதியிருந்தா எவனுக்கும் தெரிஞ்சிருக்காது” என்றேன்.

“சார்ட்ல எப்படிம்மா பொய் எழுதறது?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

“இந்த வீட்டுல யாராவது அதை எடுத்துப் படிச்சாங்களா?”

“நாப்பது நாள்ல ஒருத்தரும் தொட்டதில்ல.”

வெளியே வந்ததும் நான் குதித்தேன். “பாஸ்! கிழவர் நடக்கிறார்! போய்ச் சொல்லிடலாம்!”

“யார்கிட்ட? கால் வீங்கியிருக்கு, அதனால உங்க அப்பா நடக்கிறார்னு அவன்கிட்டச் சொல்லிப் பாரு. நம்மளைத் தூக்கிக் காற்று மெத்தையில போடுவான். அவரே எந்திரிக்கணும். எல்லார் கண்ணு முன்னாடியும்.”

“எப்படி?”

“மூணு தலையணை கொண்டு வா. கெட்டியானதா. அப்புறம் டீ போடச் சொல்லு, பெரியவருக்கு ரெண்டு டம்ளர்.”

பத்தே முக்காலுக்கு ஹாலிலிருந்து நாற்காலிகள் வந்தன. மகன், மருமகள், பாஸ், நான், நால்வரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தோம். பெரியவரின் கால்கள் மூன்று தலையணை உயரத்தில் கோபுரம் ஏறியிருந்தன. ஸ்பூனால் ஊட்டிய டீயை அவர் ஆசையாகக் குடித்தார், பாவம்.

“இது விசாரணை” என்றார் பாஸ். “முடியற வரைக்கும் யாரும் ரூமை விட்டு நகரக் கூடாது.”

என்ன விசாரித்தார் என்கிறீர்களா? பாத அளவு! மகனின் அளவு, மருமகளின் அளவு, மருமகளின் அக்கா, அக்காவின் மாமியார். பில்டர் லேஸ் கட்டிய ஷூவா, கட்டாத ஷூவா. நானும் மூஞ்சியைக் கல்லாக வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் எழுதினேன். பதினொன்றரை ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. பெரியவரின் கால் கட்டைவிரல்கள் ஒன்றையொன்று தேய்க்க ஆரம்பித்தன.

பாஸ் என் காதருகில் குனிந்தார். “கால்ல தேங்கினது இப்போ ரத்தத்துக்குத் திரும்பிட்டிருக்கு. திரும்பி வந்த தண்ணியை கிட்னி சும்மா வச்சுக் கொஞ்சுமா? கீழ அனுப்பிடும். மேற்கொண்டு ரெண்டு டம்ளர் டீ.”

“பாஸ், இது சித்திரவதை.”

“வைத்தியம். கால் வீங்கினா தூக்கி வைன்னுதான் எந்த டாக்டரும் சொல்லுவார்.”

“இவங்க டாக்டர் என்ன சொன்னாராம்?”

“மாசம் ஒரு தடவை வீடியோ காலாம். மூஞ்சியைக் காட்டியிருக்காங்க. கால் வரைக்கும் போன் எட்டல போல.”

பன்னிரண்டே காலுக்குப் பெரியவர் வாயைத் திறந்தார். “பாட்… டில்.”

கட்டிலுக்கு அடியில் யூரின் பாட்டில் இருந்தது. மகன் மருமகளைப் பார்த்தார். மருமகள் மகனைப் பார்த்தார்.

“நர்ஸைக் கூப்பிடுங்க” என்றார் மகன்.

“திருடியையா?” என்றேன் நான்.

“விசாரணை முடியற வரைக்கும் அவங்க இங்க வரக் கூடாது” என்றார் பாஸ். “மகன் இருக்கீங்களே.”

“எனக்கு இதெல்லாம் ஒத்துக்காது சார். குமட்டும்.” என்ற மகன் மனைவியை இடித்தார். “நீ பிடியேன்.”

“உங்க அப்பா!” என்றார் மருமகள்.

“உனக்கு மாமாதானே!”

“அதனாலதான் சொல்றேன், நான் எப்படி?”

“சார், நீங்க கொஞ்சம்…” என்று மகன் பாஸ் பக்கம் திரும்பினார்.

“எங்க கட்டணத்துல பாட்டில் வராது” என்றேன்.

இத்தனை நாள் அந்தப் பாட்டிலை முகம் சுளிக்காமல் பிடித்த கை அடுத்த அறையில் களவாணிப் பட்டத்தோடு உட்கார்ந்திருந்தது. இங்கே பெற்ற பிள்ளையும் மருமகளும் அது எரியும் கொள்ளி என்பது போலத் தள்ளி நின்று கால் மணி நேரம் வழக்காடினார்கள். கேட்கக் கேட்க எனக்கு அவர்கள் இருவரின் தலையையும் பிடித்து முட்டவிடலாம் போலிருந்தது.

“ஐயோ, தள்ளுங்கடா!”

போர்வை பறந்தது. மூன்று தலையணைகளில் ஒன்று என் மடியில், ஒன்று மருமகள் தலையில். நாற்பது நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தவர் ஐந்தே எட்டில் அறையைக் கடந்து, எதிரிலிருந்த குளியலறைக்குள் பாய்ந்து தாழ் போட்டார். அதற்குப் பிறகு உள்ளேயிருந்து வந்த சத்தம் வெகுநேரம் நிற்கவே இல்லை.

“மாமா… நடக்கிறாரு!” என்றார் மருமகள்.

அப்பா நடப்பதைக் கண்ட மகன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? “அப்போ பில்டரை நாளைக்கே வரச் சொல்லிடலாம்!”

கதவு திறந்தது. பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். முனகல் இல்லை. சாதாரணக் குரல்தான்.

“பத்தாம் நாளே எந்திரிச்சு நின்னேன்டா. உன்கிட்டச் சொல்லலாம்னு கதவு வரைக்கும் வந்தேன். ‘எந்திரிச்சு நடந்துட்டார்னா அடுத்த வாரமே வீட்டைக் காலி பண்ணி இடிச்சிடலாம்’னு ரெண்டு பேரும் பேசிட்டிருந்தீங்க. திரும்பப் போய்ப் படுத்துட்டேன். படுத்திருக்கிறவனோட சேர்த்து வீட்டை இடிக்க முடியாதுல்ல? அந்த சிஸ்டர்கிட்ட மட்டும் யாருக்கும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினேன்.”

“பெட்டி?” என்றார் பாஸ்.

பெரியவர் தரையைப் பார்த்தார். “அது… எனக்குத் தெரியாது.”

அடப் பாவி மனுஷா! எனக்கு நாக்கு வரை வந்துவிட்டது.

மகனுக்கு முகம் மலர்ந்தது. “கேட்டீங்களா? நடந்தா எடுத்ததா ஆயிடுமா? அவ ஒரு மாசமா எங்ககிட்ட உண்மையை மறைச்சிருக்கா! இவர் நடக்கிறதை மறைச்சவ பெட்டியை மறைக்க மாட்டாளா? ஒரு குற்றம் இல்ல, ரெண்டு குற்றம்!” போனை எடுத்தார். “இன்ஸ்பெக்டர் சார், கிளம்பிட்டீங்களா? சீக்கிரம் வாங்க.”

எங்கள் சாமர்த்தியம் சிஸ்டரின் கழுத்தில் இன்னொரு முடிச்சைப் போட்டிருந்தது. நான் பாஸைப் பார்த்தேன். அவர் மருமகளிடம், “சிஸ்டரைக் கூப்பிடுங்க” என்றார்.

சிஸ்டர் வந்து நிலைப்படியில் நின்றார். பெரியவர் எழுந்து நிற்பதைப் பார்த்தும் கண்ணில் சலனமில்லை.

“இவர் நடக்கிறார்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?” என்று மகன் கத்தினார்.

சிஸ்டர் பெரியவரைப் பார்த்து மட்டும் சொன்னார். “நான் யார்கிட்டயும் சொல்லல ஐயா.”

பெரியவர் சிஸ்டரையும் ஜன்னல் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பெட்டியைக் கொடுத்தால் வீடு போயிற்று. கொடுக்காவிட்டால் இந்தப் பெண் போனாள். மனிதர் இரண்டையும் தராசில் போட்டு நிறுத்துக்கொண்டிருந்தார். அதை என் கண்ணால் பார்த்தேன்.

“வீடு முழுக்கத் தேடினீங்களா?” என்று பாஸ் மகனைக் கேட்டார்.

“அரிசி டப்பா வரைக்கும் கொட்டித் தேடியாச்சு.”

“இருக்காது. ஐயா தன் வீட்டு ஆளுங்களை நல்லாத் தெரிஞ்சவர். உங்க கை போகாத இடம் ஒண்ணு இந்த ரூம்லயே இருக்கு. இவ்வளவு கால் வீங்கணும்னா ஒரு நாளைக்கு அஞ்சாறு மணி நேரமாவது தொங்கப் போட்டு உக்காந்திருக்கணும். கட்டில்ல உக்காந்தா கதவைத் திறக்கிறவங்க பார்த்துடுவாங்க. ஜன்னலோரம் உக்காந்தா தெருவும் தெரியும், நீங்க கேட்டைத் திறந்து வர்றதும் தெரியும். ஓடிப் போய்ப் படுத்துக்கலாம். ஹால்லேர்ந்து நாம நாற்காலி கொண்டு வர்றதுக்கு முன்னாடி இங்க உக்கார இருந்தது ஒண்ணே ஒண்ணுதான்.” பாஸ் பெரியவர் பக்கம் திரும்பினார். “மூடியை நான் தூக்கட்டுமா, நீங்க தூக்குறீங்களா?”

எல்லோரும் கமோட் சேரைப் பார்த்தோம். மகன் பாய்ந்தார். பிரித்தது தெரியாமல் அடியில் மறுபடி செருகி வைத்திருந்த உறையைப் பிய்த்தார், மூடியைத் திறந்தார். உள்ளே வாளியில் தகரப் பெட்டி பத்திரமாக உட்கார்ந்திருந்தது. வாளி கடையிலிருந்து வந்த மேனிக்குப் புத்தம் புதுசு, ஒரு நாள்கூட உபயோகிக்காதது. இருந்தாலும் மகனின் கை பாதியில் நின்றுவிட்டது. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டார். இல்லாத நாற்றத்துக்கு!

பெரியவர்தான் நடந்து போய் எடுத்தார். பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மகனின் போனைப் பிடுங்கினார்.

“இன்ஸ்பெக்டர் சாரா? நான் இவனோட அப்பன் பேசறேன். வர வேண்டாம். திருட்டு இல்ல. என் பத்திரத்தை நானே எடுத்து ஒளிச்சேன். அந்த சிஸ்டருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. எங்க வேணும்னாலும் வந்து எழுதித் தர்றேன், இப்போ நடக்க முடியுது.” போனை மகன் கையில் திணித்தார். “உனக்கும் சொல்லிடறேன். நடந்தாலும் இது என் வீடுதான். பில்டருக்குக் கையெழுத்துப் போட நீ கூப்பிடற பத்திர ஆபீசுக்கு மட்டும் நடக்க மாட்டேன்.”

மருமகள் ஒரு நொடியில் தேனாக மாறினார். “சிஸ்டர், ஏதோ பதட்டத்துல வார்த்தை வந்துடுச்சு. மனசுல வச்சுக்காதீங்க. நாளைக்கு வழக்கம்போல ஒன்பது மணிக்கு வந்துடுங்க, என்ன?”

சிஸ்டர் சமையலறைக்குப் போய்த் தரையில் கிடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டார். ஃபிரிட்ஜ் மேலிருந்த போனை நான் எடுத்துக் கொடுத்தேன். திரும்பினால், தன் அறை வாசலில் பெரியவர்.

“என்னை மன்னிச்சுடும்மா. வீடு போயிடுமேன்னு பயந்துட்டேன்.”

“புரியுது ஐயா.” சிஸ்டரின் குரல் மிருதுவாகத்தான் இருந்தது. “தினமும் அந்த ரூமுக்குள்ள நீங்க முந்நூறு அடி நடப்பீங்க. நான் பக்கத்துல நின்னு எண்ணுவேன். அங்கேர்ந்து இந்த ஸ்டூலுக்குப் பன்னிரண்டு அடிதான். காலையிலேர்ந்து அவங்க என்னைத் திருடி திருடின்னு கத்தினது உங்களுக்குக் கேட்டிருக்கும். இந்தப் பன்னிரண்டு அடியை மட்டும் நீங்க நடக்கலையே.”

பெரியவர் வாயைத் திறந்தார். பிறகு ஸ்டூல் வரைக்குமான தரையைக் கண்ணால் அளந்தார்.

சிஸ்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினார். பெட்டியை அணைத்தபடி பெரியவர் வெறுங்காலோடு கேட் வரைக்கும் பின்னாலேயே நடந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. சிஸ்டர் திரும்பிப் பார்க்கவில்லை.